ஹைட்ரோஸ் டிரம்மும் 16 பிரிவுத் தாளும்

ஐப்பசி மழையில் சாயப்பட்டறையின் கெமிக்கல் ஸ்டோருக்குள் நுழைந்ததும் தீக்குச்சி உரசின மாதிரி ஒரு நெடி மூக்கில் ஏறினால், முதலில் ஹைட்ரோஸ் டிரம்மைப் பாருங்கள். பெரும்பாலும் 50 கிலோ இரும்பு டிரம், மூடி கோணலாகக் கிடக்கும், உள்ளே பாலித்தீன் பையின் வாய் கட்டாமல் இருக்கும், ஈரக் கையோடு எடுத்த முகவை தூளுக்குள்ளேயே குத்திட்டு நிற்கும். சோடியம் டைதயோனைட் என்கிற அந்த வெள்ளைத் தூளுக்குக் கொஞ்சம் ஈரம் பட்டால் போதும், தானாகச் சூடேறும். சூடேறச் சூடேறச் சிதையும், சிதையச் சிதைய இன்னும் சூடேறும். காற்றில் 90 டிகிரியைத் தாண்டிவிட்டால் கந்தக டை ஆக்சைடைக் கக்கிக்கொண்டே போகும். மூக்கில் ஏறிய நெடி அதுதான்.

"ஹைட்ரோஸ் வேகுதுங்கோ" என்று ஒரு குரல் கேட்டதும் பட்டறையில் வழக்கமாக இரண்டு காரியம் நடக்கும். ஒருத்தர் ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து ஊற்றுவார். இன்னொருத்தர் மணலையோ சாக்கையோ போட்டு மூடுவார். இரண்டும் தப்பு. ஒரு வாளித் தண்ணீர் சூட்டைத் தணிக்கப் போதாது, ஆனால் வினையைக் கிளப்பிவிடப் போதும். மூடி அணைக்கவும் முடியாது, ஏனென்றால் இந்தத் தூள் எரியக் காற்று தேவையில்லை. செய்ய வேண்டியது ஒன்றுதான்: காற்று வரும் திசையில் தள்ளி நின்று, தீயணைப்புக் குழாயைத் திறந்து, டிரம்மே மூழ்கும்படி வெள்ளமாக அடிப்பது. அதுவரை ஆட்கள் வெளியே. முறையான சுவாசக் கருவி இல்லாமல் புகைக்குள் யாரும் போகக் கூடாது.

இந்த அறிவுரை யாருடைய சொந்த அனுபவமும் இல்லை. டிரம் மேல் சாய்சதுரக் குறிக்குப் பக்கத்தில் நாலு இலக்க எண் ஒன்று இருக்கிறது, யு.என். 1384. உலகத்தின் எந்தத் துறைமுகத்திலும் எந்த லாரியிலும் அந்த எண்ணுக்கு ஹைட்ரோஸ் என்று மட்டுமே பொருள். அமெரிக்கா, கனடா, மெக்சிகோ சேர்ந்து தீயணைப்பு வீரர்களுக்காக வெளியிடும் அவசரகாலக் கையேட்டில் 1384-ஐத் தேடினால் 135-ஆம் வழிகாட்டிக்குப் போகச் சொல்லும். அங்கே எழுதியிருப்பதுதான் மேலே சொன்னது: இந்த வகைக்கு மட்டும் சின்னத் தீயானாலும் பெரிய தீயானாலும் வெள்ளமாகத் தண்ணீர், மூடி அணைப்பது பலிக்காது. அதே வழிகாட்டியில் வரும் மற்றப் பொருள்களுக்குச் சின்னத் தீ என்றால் உலர்மணல் போதும் என்றுதான் இருக்கும். விதிவிலக்கைப் படிக்காமல் பொதுவிதியை மட்டும் மனப்பாடம் செய்தவர் மணலோடுதான் ஓடிவருவார்.

ரசாயன விஷயத்தில் நாடுகள் கூடிப் பேசுவது என்றாலே நம் ஊரில் பலருக்கும் அது டெல்லிக்காரர்கள் ஜெனீவாவுக்குப் போய்வரும் சமாச்சாரம். ஆனால் அந்தப் பேச்சு திருப்பூர் வீரபாண்டியிலும் சின்னக்கரையிலும் இருக்கும் ஸ்டோர் ரூமுக்கு மூன்று உருவங்களில் வந்து சேர்ந்துவிட்டது. டிரம்மில் இருக்கும் எண், டிரம்மில் இருக்கும் படம், டிரம்மோடு வரும் தாள். எண்ணின் பூர்வீகம் 1956, அபாயகரமான சரக்குப் போக்குவரத்துக்கு ஐ.நா. முதல் பரிந்துரைகளை வெளியிட்ட ஆண்டு. படத்துக்கும் தாளுக்கும் வேர் 1992 ரியோ மாநாட்டில் இருக்கிறது. ஒரே பொருளை ஒரு நாடு விஷம் என்றும் அடுத்த நாடு எரிச்சலூட்டி என்றும் எழுதிக்கொண்டிருந்த குழப்பத்தைத் தீர்க்க ஒரே வகைப்பாடு வேண்டும் என்று அங்கே முடிவானது. பத்து வருடம் இழுத்து, 2002-இல் ஒப்புக்கொண்டு, 2003-இல் புத்தகமானது. ஜி.ஹெச்.எஸ். என்று பட்டறையைச் சோதிக்க வரும் ஆடிட்டர்கள் சொல்வது இதைத்தான். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அதைத் திருத்துகிறார்கள்.

தாள் என்றால் பொருளின் பாதுகாப்புத் தகவல் தாள். அதை நாம் இன்னும் எம்.எஸ்.டி.எஸ். என்றுதான் சொல்கிறோம். ஜி.ஹெச்.எஸ். வந்தபின் முன்னால் இருந்த 'எம்' போய் எஸ்.டி.எஸ். ஆகிவிட்டது. எந்த நாட்டில் அச்சடித்தாலும் 16 பிரிவு, அதே வரிசை. அந்த வரிசை ஒன்றாக இருப்பதில்தான் சூட்சுமம். மொழி புரியாவிட்டாலும் 4-ஆம் பிரிவு முதலுதவி, 5 தீ, 6 சிந்தினால், 7 சேமிப்பு, 8 கையுறையும் முகமூடியும், 10 எதோடு சேரக்கூடாது, 14 போக்குவரத்து எண் என்று நேராகப் புரட்டலாம். சீனத்திலிருந்து வந்த சாயத்தின் தாளும் குஜராத்திலிருந்து வந்த துணைக் கெமிக்கலின் தாளும் இதில் ஒன்றுதான்.

ஆடிட்டுக்கு முதல்நாள் ஃபைலில் சொருகி, ஆடிட் முடிந்ததும் அலமாரியில் பூட்டிவைப்பதற்காக உருவானதல்ல அது. ஸ்டோர்கீப்பர் சரக்கு இறங்கும்போதே நின்ற இடத்தில் பார்க்க வேண்டிய தாள். எப்படிப் பார்ப்பது?

முதலில் 3-ஆம் பிரிவு. அங்கே சேர்மானங்களின் பெயரும் சி.ஏ.எஸ். எண்ணும், அதாவது ஒவ்வொரு ரசாயனத்துக்கும் உரிய அடையாள எண்ணும், இருக்கும். ஹைட்ரோஸுக்கு 7775-14-6. துணி வெளுக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடுக்கு 7722-84-1. கடைசி ஒற்றை இலக்கம் சோதனை இலக்கம். அதை விட்டுவிட்டு, வலமிருந்து இடமாக முதல் இலக்கத்தை 1-ஆலும் அடுத்ததை 2-ஆலும் அதற்கடுத்ததை 3-ஆலும் பெருக்கிக்கொண்டே போய்க் கூட்ட வேண்டும். பெராக்சைடுக்கு 4, 16, 6, 8, 35, 42. மொத்தம் 111. அதன் கடைசி இலக்கம் 1. எண்ணின் கடைசியிலும் 1. சரி. ஒத்துவராவிட்டால் அந்த எண்ணை யாரோ தப்பாக அடித்திருக்கிறார்கள், அல்லது இஷ்டத்துக்கு எழுதியிருக்கிறார்கள். அரை நிமிட வேலை, செல்போன் கால்குலேட்டர் போதும். எண் இல்லாமல் 'சிறப்புப் பரப்பு இயங்கிக் கலவை, 100 சதவீதம்' என்று மட்டும் இருந்தால் தாள் உங்களுக்கு எதுவும் சொல்லவில்லை என்று அர்த்தம். கம்பெனி ரகசியம் என்பார்கள். முழுச் சூத்திரத்தை யாரும் கேட்கவில்லை, அபாயமுள்ள சேர்மானத்தை மட்டும்தான் கேட்கிறோம் என்று திருப்பிச் சொல்லலாம்.

அடுத்து 2-ஆம் பிரிவையும் 14-ஆம் பிரிவையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2-இல் ஹெச்-251, அதாவது தானே சூடேறித் தீப்பிடிக்கலாம் என்று இருந்தால், 14-இல் போக்குவரத்து வகுப்பு 4.2 என்று இருக்க வேண்டும். ஒன்றில் அபாயம் என்றும் இன்னொன்றில் கட்டுப்பாடு இல்லை என்றும் வந்தால் வேறு ஏதோ பொருளின் தாளில் பெயரை மட்டும் மாற்றி ஒட்டியிருக்கிறார்கள். 9-ஆம் பிரிவில் பி.ஹெச். 7 என்று போட்டுவிட்டு 2-இல் தோலை அரிக்கும் என்று எழுதிய தாள்களும் அப்படி ஒட்டுப்போட்டவைதான். அவசரத் தொலைபேசி எண்ணை ஒருமுறை அழைத்துப் பாருங்கள். வெளிநாட்டில் யாரும் எடுக்காத எண்ணாக இருந்தால் அதை அடித்துவிட்டு, சப்ளையரின் உள்ளூர் எண்ணையும் தீயணைப்பு நிலையத்தின் எண்ணையும் கையால் எழுதுங்கள். தாளே கிடைக்காத பொது ரசாயனமா? சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து தயாரித்த பாதுகாப்பு அட்டைகள் சுமார் 1,700 பொருளுக்கு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரு பொருளுக்கு ஓர் அட்டை, சுற்றி வளைக்காத எழுத்து.

படங்கள் மொத்தம் ஒன்பது. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து இரவு ஷிப்ட் பார்க்கிற பையன்களுக்குத் தமிழும் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது. அவர்களிடம் பேசுவது படம் மட்டும்தான். ஒன்பதில் இரண்டை எல்லோரும் குழப்பிக்கொள்கிறார்கள். வெறும் தீச்சுடர் என்றால் அந்தப் பொருள் எரியும். வட்டத்தின் மேல் தீச்சுடர் என்றால் அது எரியாது, பக்கத்தில் இருப்பதை எரியவைக்கும். 50 சதவீத பெராக்சைடு கேனில் இருப்பது வட்டத்தின் மேல் சுடர். 'இது தண்ணி மாதிரி, எரியாது' என்று பஞ்சுத் தூசி படிந்த மூலையில், மரப்பலகை மேல், பழைய சாக்குக்குப் பக்கத்தில் அடுக்குவது அந்த வட்டத்தைக் கவனிக்காததால்தான்.

பெராக்சைடைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும், சலவைக்கு அது இல்லாமல் பனியன் துணி வெளுக்காது. ஒரே தடவையில் போடும் 500 கிலோ துணி லாட்டுக்கு 1:6 விகிதத்தில் 3,000 லிட்டர் தண்ணீர். லிட்டருக்கு 3 கிராம் என்றால் ஒரு லாட்டுக்கு 9 கிலோ. ஒரு நாளைக்கு நாலு லாட் ஓடினால் ஸ்டோரில் எப்போதும் சில நூறு கிலோ நிற்கும். 50 சதவீத பெராக்சைடு ஒரு லிட்டர் முழுவதும் சிதைந்தால் ஏறத்தாழ 200 லிட்டர் ஆக்சிஜன் வெளியே வரும். கேன் மூடியில் சின்னதாகக் காற்றுத் துளை இருப்பது இதற்காகத்தான். ஒழுகுகிறது என்று அதன் மேல் டேப் ஒட்டுவார்கள், அல்லது மூடி தொலைந்ததென்று காஸ்டிக் சோடா கேன் மூடியைப் போட்டு இறுக்குவார்கள். கேன் உப்பும், பிறகு வெடிக்கும். துருத் துகள், செம்பு, காஸ்டிக் துளி எது பட்டாலும் சிதைவு வேகமாகும். அதனால் இரும்புக் குவளையில் அளக்கக் கூடாது. மிச்சமானதைத் திரும்ப கேனில் ஊற்றவே கூடாது, ஒரு கைப்பிடி மிச்சம் கேன் முழுவதையும் கெடுக்கும். சிந்தினால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். மரத்தூளோ பனியன் வேஸ்டோ போட்டு ஒற்றி மூலையில் எறிந்தால், காய்ந்தபின் அந்த வேஸ்ட் தானாகப் பற்றிக்கொள்ளும்.

பெராக்சைடு ஆக்சிஜனைக் கொடுக்கிற ஜாதி, ஹைட்ரோஸ் அதைப் பிடுங்குகிற ஜாதி. இரண்டும் ஒரே சுவரோரம் இருக்கக் கூடாது. ஹைட்ரோஸுக்கு அசிட்டிக், ஃபார்மிக் எதுவும் ஆகாது, அமிலம் பட்டதும் நச்சு வாயு வரும். ஹைப்போகுளோரைட்டோடு அமிலம் சேர்ந்தால் குளோரின். ஸ்டோரில் இதையெல்லாம் தனித்தனியாக வைத்துவிட்டு மிஷினில் கோட்டை விடுகிறவர்கள் அதிகம். சாயம் ஏற்றும் சாஃப்ட் ஃப்ளோ மிஷினின் பக்கத்துத் தொட்டி ஒன்றுதான், எல்லாக் கெமிக்கலும் அதன் வழியாகத்தான் உள்ளே போகும். அசிட்டிக் ஊற்றிய தொட்டியை அலசாமல் ஹைட்ரோஸைக் கொட்டினால், ஊற்றியவர் முகத்துக்கு நேரே ஆவி கிளம்பும். ஒவ்வொரு கெமிக்கலுக்கும் பிறகு தொட்டி நிறையத் தண்ணீர் விட்டு ஒருமுறை வடித்தாக வேண்டும். பாலியஸ்டர் ரிடக்‌ஷன் கிளியரிங்குக்கு, அதாவது துணியில் ஒட்டாமல் மிஞ்சிய சாயத்தை நீக்க, லிட்டருக்கு 2 கிராம் ஹைட்ரோஸ், 2 கிராம் காஸ்டிக் போடும்போதும், முதலில் தண்ணீர், பிறகு காஸ்டிக், கடைசியில் தூள். தூளைப் போட்டுவிட்டு அதன்மேல் தண்ணீர் திறப்பது கூடாது.

கந்தகக் கறுப்புச் சாயம் போடுகிற இடத்தில் இன்னொன்று. சோடியம் சல்ஃபைடு கலந்த கழிவு, அமிலக் கழிவோடு சேகரிப்புத் தொட்டியில் சேர்ந்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடு. அழுகிய முட்டை நாற்றம் வரும் என்று எல்லோருக்கும் தெரியும். பத்து லட்சத்தில் 100 பங்கு அளவை எட்டும்போது மூக்கு மரத்துவிடும், நாற்றம் நின்றுபோகும் என்பது பலருக்குத் தெரியாது. நாற்றம் இல்லை என்று இறங்குகிறவர் விழுகிறார், தூக்கப் போனவரும் விழுகிறார். வாயு அளக்கும் மீட்டரில் ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் குறையாமலும் ஹைட்ரஜன் சல்ஃபைடு 10 பங்குக்குக் கீழும் காட்டாமல் யாரும் இறங்கக் கூடாது. காட்டினாலும் இடுப்பில் கயிறு, மேலே ஆள்.

கண் கழுவும் குழாய்க்கு நம் ஊர்க் கோளாறு ஒன்று உண்டு. காஸ்டிக் கண்ணில் பட்டால் 15 நிமிடம் விடாமல் கழுவ வேண்டும் என்று 4-ஆம் பிரிவு சொல்லும். சித்திரை மதியம் மொட்டைமாடிக் கறுப்புத் தொட்டியிலிருந்து வெயில் காயும் குழாய் வழியாக வரும் தண்ணீரை 15 விநாடிகூடக் கண்ணில் விட முடியாது. அந்தக் குழாய்க்கு மட்டும் நிழலில் ஒரு சின்னத் தொட்டி வைத்து, வாரம் ஒருமுறை திறந்துவிட்டுப் பார்க்க வேண்டும். ஆயிரம் லிட்டர் டேங்க் வைத்திருந்தால் சுற்றிலும் தடுப்புச் சுவர் 1,100 லிட்டர் தாங்க வேண்டும். உள்ளளவு 2 மீட்டருக்கு 2 மீட்டர், உயரம் 30 சென்டிமீட்டர் என்றால் 1,200 லிட்டர், கணக்கு சரியாக வரும்.

துணி வாங்கும் பையர் கொடுக்கும் தடை ரசாயனப் பட்டியலுக்கும் நாடுகளின் இந்தப் பேச்சுவார்த்தைகளுக்கும் என்ன உறவு என்று கேட்பார்கள். சாயத்தில் பார்த்தால் தெரியும். உடைந்தால் புற்றுநோய் தரக்கூடிய அமீன்களாகும் அசோ சாயங்களை ஜெர்மனி 1994-இல் தடை செய்தது. இந்தியாவில் 1993-இல் பென்சிடின் சாயங்கள் 42-ஐயும் 1997-இல் அசோ சாயங்கள் 70-ஐயும் கையாளத் தடை வந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் இன்றைய வரம்பு கிலோவுக்கு 30 மில்லிகிராம். 150 கிராம் டி-சர்ட்டில் 4.5 மில்லிகிராம், அவ்வளவுதான். ஆய்வகத்தில் இதை எப்படிச் சோதிக்கிறார்கள்? துணித் துண்டை பி.ஹெச். 6 கரைசலில் 70 டிகிரியில் வைத்து, சாயத்தை உடைக்க ஊற்றுவது நம்ம ஹைட்ரோஸைத்தான். அந்தச் சோதனை 4-அமினோஅசோபென்சீன் என்ற ஒன்றை மட்டும் இன்னும் சிறிதாக உடைத்துவிடும், அதனால் அதற்குத் தனிச் சோதனை இருக்கிறது. அறிக்கையில் அனிலினும் பாராஃபீனிலின் டையமினும் தென்பட்டால் அந்த இரண்டாவது சோதனையையும் கேட்டு வாங்குங்கள்.

என்.பி.இ. கதை வேறு மாதிரி. நோனைல்ஃபீனால் எத்தாக்சிலேட் சோப்பு ஜாதி, மலிவு, நன்றாக நனைக்கும். ஆற்றில் போய் நோனைல்ஃபீனாலாக உடைந்து மீனின் சுரப்பிகளைக் கெடுக்கும். ஐரோப்பியர்கள் தங்கள் ஆலைகளில் அதைக் கட்டுப்படுத்தினார்கள். ஆனால் இறக்குமதித் துணியை வீட்டில் துவைக்கத் துவைக்க அவர்கள் ஆற்றுக்கு வந்துகொண்டே இருந்தது. ஆகவே 2021 பிப்ரவரி 3 முதல், தண்ணீரில் துவைக்கும் துணியில் 0.01 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. 150 கிராம் சட்டையில் 15 மில்லிகிராம். இந்த விதி அவர்கள் ஆற்றைப் பார்த்து எழுதியது. சட்டையில் மிஞ்சுவது கொஞ்சம், பெரும்பங்கு இங்கேயே அலசலில் போய்விடுகிறது. அந்தப் பெரும்பங்கை யோசித்துத்தான் பெரிய பிராண்டுகள் 2011-க்குப் பிறகு சேர்ந்து, துணியில் எவ்வளவு மிஞ்சலாம் என்பதோடு நிற்காமல், பட்டறைக்குள்ளேயே எது வரக்கூடாது என்று எம்.ஆர்.எஸ்.எல். பட்டியல் போட்டார்கள். அரசுகள் செய்யாததை வியாபாரிகள் செய்தது இது. செலவை மட்டும் ஜாப் ஒர்க் பட்டறை தலையில் வைத்தார்கள்.

என்.பி.இ. டெஸ்டில் ஃபெயில் ஆனால் முடிந்த சட்டையையே திரும்பத் திரும்பச் சோதித்துக் காசைக் கரைக்காதீர்கள். கிரே துணி (வெளுக்காத பச்சைத் துணி), ஸ்கவரிங் (அழுக்கும் எண்ணெயும் நீக்கும் கழுவல்) முடிந்தது, சாயம் முடிந்தது, சாஃப்ட்னர் போட்டது, பிரிண்ட் போட்டது என ஐந்து வெட்டு எடுத்து ஒரே தடவையில் அனுப்புங்கள். எந்தப் படியில் எண் ஏறுகிறது என்று தெரிந்துவிடும். சாயத்தை எல்லோரும் சந்தேகப்படுவார்கள். நிட்டிங் மிஷின் எண்ணெய், சிலிக்கான் சாஃப்ட்னரைக் குழம்பாக்கப் போட்ட பொருள், பிக்மென்ட் பிரிண்ட் பேஸ்ட், பழைய வெட்டிங் ஆயில் கேனைக் கழுவாமல் புதுச் சரக்கு நிரப்பியது, இந்த நாலையும் முதலில் பாருங்கள்.

பெரிய ஒப்பந்தங்களில் ஸ்டாக்ஹோம் (2001), மண்ணில் மட்காத ரசாயனங்களுக்கு. ரோட்டர்டாம் (1998), அபாயப் பொருளை ஏற்றுமதி செய்யும் முன் வாங்கும் நாட்டின் சம்மதம் கேட்பதற்கு. அது தடை இல்லை, தகவல். ஆனாலும் அந்தப் பட்டியலில் சேர எல்லா நாடும் ஒப்புக்கொள்ள வேண்டும், வெள்ளைக் கல்நார் பல கூட்டங்களாக வாசலிலேயே நிற்கிறது, நிறுத்தி வைத்த நாடுகளில் நம் நாடும் ஒன்று. ஸ்டாக்ஹோமில் புதிதாக எது சேர்ந்தாலும் இந்தியா தனியாக ஏற்றால்தான் இங்கே செல்லும். 2020-இல் அப்படி ஏழு பொருளை ஏற்றது. எண்டோசல்ஃபான் 2011-இல் அங்கே பட்டியலில் ஏறியது, அதே வருடம் உச்ச நீதிமன்றம் இங்கே நிறுத்தியது. பொள்ளாச்சிப் பக்கம் தென்னைக்கு வேர் வழியாகக் கட்டிய மோனோகுரோட்டோபாஸ் ரோட்டர்டாம் பட்டியலில் பல வருடம் இருந்தும், 36 சதவீத மருந்துக்கு இங்கே தடை உத்தரவு வர 2023 ஆனது. குளோர்பைரிபாஸ் 2025-இல் விதிவிலக்குகளோடு ஸ்டாக்ஹோமில் ஏறியிருக்கிறது. மருந்துக்கடையில் பார்க்க வேண்டிய இன்னொன்று: நம் பூச்சிமருந்து டப்பாவின் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை முக்கோணம் ஜி.ஹெச்.எஸ். படம் அல்ல, நமது பழைய சட்டத்தின் முறை. நீலம் என்றால் சாந்தமான மருந்து என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். எலிச் சோதனையில் கிலோ எடைக்கு 501 மில்லிகிராமில் கொல்வதும் நீலம், 5,000-இல் கொல்வதும் நீலம்.

2023-இல் பான் நகரில் புதிய உலகளாவிய ரசாயனக் கட்டமைப்பு ஒன்று வந்தது, 28 இலக்குகள், எதுவும் கட்டாயம் இல்லை. படிக்க நன்றாக இருக்கும்.

இத்தனை பட்டியலிலும் இல்லாத ஒரு பொருள் உப்பு. சாயம் துணியில் பிடிக்கப் போடுகிற சாதாரண உப்பு, கிளாபர் உப்பு. நொய்யலையும் ஒரத்துப்பாளையம் அணையையும் கெடுத்ததில் பெரும்பங்கு அதற்குத்தான். எந்த அனைத்துலக ஒப்பந்தமும் அதை நிறுத்தவில்லை. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது, அதன்பின் ஆர்.ஓ.வும் ஆவியாக்கியும் வைத்து ஒரு சொட்டு வெளியே விடாத முறைக்கு வந்தோம். மூலக்கூறின் விஷத்தை மட்டும் அளக்கிற பட்டியல், அளவினால் வரும் கேட்டைப் பார்ப்பதில்லை.

தாளும் படமும் உண்மையில் அறுந்துபோகிற இடம் சில்லறைதான். 50 கிலோ டிரம்மாக வாங்கும் பட்டறைக்கு லேபிள் வந்துவிடும். பத்துக் கிலோ, அஞ்சு லிட்டர் என்று வாங்குகிற சின்ன சலவைப்பட்டறைக்கு வருவது பெயர் எழுதாத வெள்ளை கேன், சிலசமயம் தண்ணீர் பாட்டில். ஜெனீவாவிலிருந்து திருப்பூர் வரை வந்த தகவல் கடைசி இரண்டு கிலோமீட்டரில் நின்றுவிடும். ஊற்றி மாற்றுகிற ஒவ்வொரு பாத்திரத்திலும் பெயர், படம், தேதி மூன்றும் ஒட்டாமல் மாற்றக் கூடாது. அழியாத மார்க்கரில் கையால் எழுதினாலும் சரி.

காலி பேரலும் அப்படித்தான். ரசாயனம் ஒட்டிய காலிப் பேரல், நம் அபாயகரக் கழிவு விதிகளில் 33.1 என்று எண் போட்ட கழிவு. சுத்திகரிப்புச் சேறு 35.3. இரண்டையும் 90 நாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது, அனுமதி பெற்றவருக்குத்தான் கொடுக்க வேண்டும், 10-ஆம் படிவத்தோடு. ஆனால் நீல நிறப் பேரல் நூற்றுக்கணக்கில் பழைய இரும்புக்கடைக்குப் போய், அங்கிருந்து வீட்டுத் தண்ணீருக்கும் தோட்டத்தில் ஜீவாமிர்தம் கரைக்கவும் வந்துவிடுகிறது. பேரலை மூன்று முறை அலசி, அலசிய தண்ணீரைச் சுத்திகரிப்புத் தொட்டிக்கே விட்டு, வெளியே அனுப்பும் முன் அடியில் ஓட்டை போட்டுவிட்டால் அந்தப் பேரலில் யாரும் தண்ணீர் பிடிக்க முடியாது.

16 பிரிவையும் தமிழில் மொழிபெயர்த்து ஒட்ட வேண்டியதில்லை. ஹைட்ரோஸுக்கு ஒரு அரைத்தாள் போதும், இந்தியிலும் ஒடியாவிலும் அதே ஏழு வரி:

ஹைட்ரோஸ். யு.என். 1384.
ஈரக் கை, ஈர முகவை கூடாது.
எடுத்ததும் பையைக் கட்டு, மூடியைப் பூட்டு.
அமிலம், பெராக்சைடு பக்கத்தில் வைக்காதே.
தண்ணீரில் தூளைப் போடு, தூளில் தண்ணீர் ஊற்றாதே.
நெடி வந்தால் எல்லோரும் வெளியே.
தீ என்றால் தூரத்திலிருந்து வெள்ளமாகத் தண்ணீர், வாளி கூடாது, மணல் கூடாது.

லேமினேட் செய்து ஸ்டோர் கதவுக்கு வெளிப்பக்கம் மாட்டுங்கள். உள்பக்கச் சுவரில் மாட்டினால், தேவைப்படும் நேரத்தில் அந்த அறைக்குள் யாராலும் போய்ப் படிக்க முடியாது.